கடைசிப் பதினாறு பக்கம்

பெர்மெத்துக்கு வாய் இரண்டு. ஒன்று மாமனார் வீட்டில் டீ ஊற்றும்போது மூடியே இருப்பது. இன்னொன்று கைப்பேசிக்குள், 'உப்புக்கல்' என்ற புனைபெயரில், இருநூற்றுப் பதினான்கு பேர் பார்க்கத் திறந்தே கிடப்பது. முதல் வாயை மட்டும் பார்த்தவர்கள் கிர்கிஸ் நாட்டுக் காரகோல் நகரத்தில் அவளை அடக்கமான மருமகள் என்று மெச்சினார்கள். இரண்டாவதைப் பார்த்தவர்களுக்கு அவள் யார், எந்த ஊர் என்று தெரியாது. ஆறு வருஷமாக இந்த ஏற்பாடு பிசகாமல் நடந்து வந்தது.

அந்த இருநூற்றுப் பதினான்கு பேரும் 'இருபது பக்கம்' என்ற வாசகர் வட்டத்துக்காரர்கள். வட்டம் டெலிகிராமில் நடந்தது. தலைநகர் பிஷ்கெக்கில் நூலகராக இருக்கும் பெரிசாத் தொடங்கியது. தினமும் இருபது பக்கமாவது படிக்க வேண்டும். மாலை ஆறு மணிக்குள் என்ன புத்தகம், எந்தப் பக்கம், என்ன தோன்றியது என்று மூன்றையும் எழுத வேண்டும். வெறும் கைதட்டல் பொம்மை போடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மூன்று நாள் தொடர்ந்து எழுதாதவர்களை பெரிசாத் ஒரு வார்த்தை சொல்லாமல் வெளியே தள்ளிவிடுவாள். பேறுகாலத்தில் இருந்த சொந்த அக்காவையே தள்ளியவள் அவள். வலி விட்டுவிட்டுத்தானே வருகிறது, நடுவில் படிக்க என்ன கேடு என்றாளாம்.

பெர்மெத்துக்கு மருந்துக் கடையில் வேலை. இருமல் மருந்து கேட்டு வருகிறவர்களுக்கு நடுவே, கல்லாவுக்குக் கீழே புத்தகத்தை வைத்துக்கொண்டு படிப்பாள். ஒரு காதல் நாவலின் நாயகி அத்தியாயத்துக்கு ஒருமுறை மயங்கி விழுந்தபோது, இவளுக்கு யாராவது இரும்புச்சத்து மாத்திரை வாங்கிக் கொடுத்திருந்தால் நாற்பதாம் பக்கத்தில் கதை முடிந்திருக்கும் என்று எழுதினாள். விடியற்காலையில் எழுந்தால் வாழ்க்கையில் ஜெயிக்கலாம் என்று ஒருவர் முந்நூறு பக்கத்துக்கு அளந்திருந்தார். நான் ஆறு வருஷமாக நாலரைக்கு எழுந்து பால் கறக்கிறேன், ஜெயித்தது மாடுதான் என்று எழுதினாள். உப்புக்கல் இன்றைக்கு யாரை உரசப் போகிறது என்று பார்ப்பதற்காகவே பலர் ஐந்தரை மணிக்கு வந்து காத்திருப்பார்கள்.

அந்த நேரத்துக்காகத்தான் அவள் நாளை ஓட்டினாள். வீட்டில் சூப்பில் உப்பு போதுமா என்றுகூட அவளை யாரும் கேட்டதில்லை. கொடுமைப்படுத்தினார்கள் என்று சொல்ல முடியாது. கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். கணவன் உலுக்பெக் எல்லை தாண்டி அல்மாட்டிக்கு லாரி ஓட்டுகிறவன். வாரத்தில் ஐந்து நாள் வீட்டில் இல்லாததால் அவன் கருத்தையே கேட்க ஆள் கிடையாது. பக்கத்துத் தெரு மருமகள் ஒருத்தி மாமியாரின் தலைமுடிச் சாயத்தைப் பற்றித் தோழிக்கு அனுப்பிய செய்தி தெரிந்துபோய், அவள் கைப்பேசி இப்போது பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கிறது. தன்னுடையதும் அப்படிப் போய்விட்டால் என்ன செய்வது என்று பெர்மெத் அவ்வப்போது நினைப்பாள்.

இப்போது மாமனாருக்கு வருவோம். அர்ஸ்தான்பெக் மாவட்ட நீர்ப்பாசன அலுவலகத்தில் முப்பத்தோரு வருஷம் இருந்தவர். ஓய்வு பெற்றதும் மற்றவர்கள் போல மீன் பிடிக்கப் போயிருக்கலாம். அவர் நாவல் எழுதினார். பெயர் 'நீரைத் திருப்பியவன்'. நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். நாயகன் நீர்ப்பாசன அதிகாரி, நேர்மையானவன், மலையையே எதிர்த்து நிற்பவன். நாயகனுக்கும் பெயர் அர்ஸ்தான்பெக். முதல் பக்கத்தில் 'இதில் வரும் பாத்திரங்கள் யாவும் கற்பனை' என்று அச்சிட்டிருந்தார்கள். அட்டையில் அந்தக் கற்பனைப் பாத்திரம் வெள்ளைக் கம்பளித் தொப்பியோடு குதிரைமேல் உட்கார்ந்து கால்வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வெளியீட்டு விழா விருந்துக்கு ஊர் வழக்கப்படி ஒரு குதிரையை அறுத்து ஊரைக் கூட்டினார். ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வாளர் ஒரோசாலி எழுந்து, நாவலின் முடிவைப் படித்துவிட்டுத் தூங்க முடியவில்லை என்றார். சொல்லும்போதே நாப்கினால் கண்ணை ஒற்றிக்கொண்டார். நகராட்சியிலிருந்து வந்தவர் இதைப் பள்ளிக்கூடத்தில் பாடமாக வைக்க வேண்டும் என்றார். பெர்மெத் அன்றைக்கு எண்பது பேருக்கு டீ ஊற்றினாள். அச்சடித்த முந்நூறு பிரதிகளில் பாதி உறவுக்காரர்களுக்கும் நாட்டிலுள்ள நூலகங்களுக்கும் போனது. மீதி உக்கிராண அறையில் உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு மேலே அடுக்கப்பட்டது.

வினை நூலகங்களிலிருந்து வந்தது. மார்ச் மாதத்தை 'நம்மூர்ப் புதிய எழுத்தாளர்' மாதமாக வைத்து, தன் நூலகத்துக்கு வந்த புதுப் புத்தகங்களிலிருந்து பெரிசாத் சீட்டுக் குலுக்கினாள். வந்த சீட்டைப் படம் பிடித்துப் போட்டாள். கல்லாவுக்குக் கீழே கைப்பேசித் திரையில் மாமனார் குதிரைமேல் வந்து நின்றதைப் பார்த்து பெர்மெத்துக்கு விக்கல் எடுத்துவிட்டது. புத்தகம் முழுவதையும் ஸ்கேன் செய்து பெரிசாத் வட்டத்தில் ஏற்றிவிட்டாள். பத்து நாளில் எல்லோரும் படித்து முடித்துக் கருத்துச் சொல்ல வேண்டும்.

மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தால் பெரிசாத் தள்ளிவிடுவாள், பிரச்சினை தீர்ந்தது. ஆனால் அதற்கப்புறம் ஆறு மணிக்கு என்ன செய்வது? புகழ்ந்துவிடலாமா என்று பார்த்தாள். 'அருமை' என்று தட்டினாள். பார்க்கச் சகிக்கவில்லை, அழித்தாள். கடைசியில், மாமனாருக்கு டெலிகிராமில் வானிலை பார்ப்பதைத் தவிர ஒன்றும் தெரியாது, உப்புக்கல் யாரென்று யாருக்கும் தெரியாது, படித்தே பார்த்துவிடுவோம் என்று தொடங்கினாள். ஒன்பது நாள் படித்தாள், ஆறு மணிக்குப் பக்க எண்ணோடு ஒட்டாத ஒரு வரி மட்டும் போட்டுவைத்தாள். முந்நூறாம் பக்கத்துக்குமேல் பயம் போய் எரிச்சல் வந்துவிட்டது. எரிச்சலோடு எழுதுகிறவர்கள் திரும்பப் படித்துப் பார்ப்பதில்லை.

பத்தாம் நாள் இப்படி எழுதினாள்:

"புத்தகம்: நீரைத் திருப்பியவன். பக்கம்: 412, மொத்தமும். கருத்து: இந்தப் பெரியவர் பொறக்கறார், மழை வருது. பள்ளிக்கூடம் போறார், வாத்தியார் எழுந்து நிக்கறார். எதிரிங்க எல்லாரும் குள்ளமா, வேர்த்துக் கொட்டிக்கிட்டு இருக்காங்க. நாப்பத்தேழு எடத்துல இவர் பிடரி மயிர் வெச்ச அந்தப் பெரிய பூனை மாதிரி நிமிர்ந்து நிக்கறார். உக்காந்து நான் பாக்கவே இல்ல. இடுப்பு என்னத்துக்கு ஆகும்? 397ஆம் பக்கத்துல திடீர்னு தேனீ வருது. கூட்டை எப்பத் தொறக்கணும், புகை எப்படிப் போடணும், ராணிக்கு வயசானா என்ன பண்ணணும்னு பதினாறு பக்கம். பைண்டிங்ல வேற புத்தகம் கலந்துருக்கு. இந்தப் புத்தகத்துலயே சுத்தமா எழுதினது அதுதான். பெரியவர் அதுல இல்ல."

அனுப்பிவிட்டு ஒரு கிழவருக்கு ரத்த அழுத்த மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். திரும்பி வருவதற்குள் வட்டம் பற்றி எரிந்துகொண்டிருந்தது. விஷயம் என்னவென்றால், அதற்கு முன்பே பத்தொன்பது பேர் அந்த நாவலின் நெஞ்சை உருக்கும் முடிவைப் பற்றி எழுதியிருந்தார்கள். உருகியவர்கள் ஒவ்வொருவரும் எந்தத் தேனீயைக் கண்டு உருகினார்கள் என்று பெரிசாத் பெயர் சொல்லிக் கேட்டாள். ஏழு பேர் தாங்களாகவே வட்டத்தை விட்டு ஓடினார்கள். பெர்மெத் கல்லாவுக்குக் கீழே குனிந்து வயிறு வலிக்கச் சிரித்தாள்.

அப்போதுதான் நரின் ஊர்ப் பக்கத்திலிருந்து உல்கான் எழுதினாள். எழுபது வயதுக்காரி, பழைய கணக்கு டீச்சர், வட்டத்தில் அதிகம் பேசாதவள்.

"உப்புக்கல்லு, நீ எழுதினதை ரெண்டு தரம் படிச்சேன். நாயகன் பேரை ஒரு எடத்துலயும் சொல்லல நீ. சிங்கத்தைச் சிங்கம்னும் சொல்லல, பூனைங்கற. நாங்க வாழ்க்கைப்பட்டு வந்த காலத்துல இப்படித்தான் பேசுவோம். கண்ணு, நீ அந்த எழுத்தாளர் வீட்டு மருமகதானே?"

மருமகள் மாமனார் பெயரைச் சொல்ல மாட்டாள். பெர்மெத்தை யாரும் அதட்டிப் பழக்கவில்லை. கல்யாணத்துக்கு மறுநாளிலிருந்து நாக்கு தானாகவே அந்தப் பக்கம் போவதில்லை. அர்ஸ்தான் என்றால் சிங்கம். ஆகவே அந்த மிருகத்தின் பெயரும் அவளுக்கு ஆகாது. கடைக்கு அர்ஸ்தான் என்ற பெயரில் ஒருவர் மருந்துச் சீட்டோடு வந்தால், 'நீலச் சட்டை அண்ணே' என்றுதான் கூப்பிடுவாள். புனைபெயரில் ஒளிந்துகொண்டு, மாமனாரின் மானத்தைத் துவைத்துக் காயப்போட்டவள், அந்தப் பெயரை மட்டும் பத்திரமாக ஒதுக்கி வைத்திருந்தாள். தட்டும்போது அவள் விரலுக்கே அது தெரியவில்லை.

எழுதியதை அவசரமாக அழித்தாள். அழித்து என்ன பயன்? அதற்குள் பத்துப் பேர் படம் பிடித்துவிட்டார்கள். இந்த நாட்டில் யாரை எடுத்தாலும் மூன்றாவது ஆள் சொந்தக்காரனாக இருப்பான். மறுநாள் மதியத்துக்குள் அந்தப் படம் பாலிக்சி ஊரில் இருக்கும் மாமியாரின் தங்கைக்குப் போய், அங்கிருந்து நான்கு கேள்விக்குறிகளோடு மாமியார் துர்சுனாயின் கைப்பேசிக்கு வந்து சேர்ந்தது. அர்ஸ்தான்பெக்குக்கு ஒரே மகன். ஒரே மருமகள். வேறு யார்மேலும் பழியைப் போட வழியில்லை.

மாலையில் பெர்மெத் வீட்டுக்குள் நுழைந்தபோது முற்றத்தில் யாரும் இல்லை. மாடுகூட அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. பையில் இருந்த கைப்பேசியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். இன்றோடு இது போயிற்று, பீரோவுக்குள் பூட்டு, சாவி மாமியார் இடுப்பில் என்று முடிவே கட்டிவிட்டாள். செய்த வேலைக்கு வருத்தம் இருந்ததா என்றால், சத்தியமாக இல்லை. வட்டம் போய்விடுமே என்றுதான் அழுகை வந்தது.

உக்கிராண அறைக் கதவு திறந்திருந்தது. அர்ஸ்தான்பெக் உருளைக்கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் நாற்பது ஐம்பது பிரதிகள் திறந்து கிடந்தன. இன்னொன்றை எடுத்தார், பின்பக்கமாகப் புரட்டினார், பார்த்தார், கீழே போட்டார். அதிலும் தேனீதான். துர்சுனாய் கதவோரம் நின்று அவர் போடுகிறவற்றை அடுக்கிக்கொண்டிருந்தாள். மருமகளைப் பார்த்து, வாயைத் திறக்காதே என்று கண்ணைக் காட்டினாள்.

அவர் கைப்பேசியை எடுத்து ஒரோசாலியைக் கூப்பிட்டார். காது கொஞ்சம் மந்தம் என்பதால் எப்போதும் ஒலிபெருக்கியில்தான் பேசுவார். நலம் விசாரித்தார், மாடு கன்று விசாரித்தார். பிறகு, என் நாவலின் முடிவில் உங்களைத் தூங்கவிடாமல் செய்த இடம் எது என்று கேட்டார். ஒரோசாலி கொஞ்சமும் யோசிக்கவில்லை. நாயகன் ஆற்றங்கரையில் கடைசி மூச்சு விடுகிற இடம்தான், வேறென்ன என்றார். இப்போதும் சொல்லும்போதே மூக்கை உறிஞ்சினார். அர்ஸ்தான்பெக் நன்றி சொல்லி வைத்துவிட்டார். அவர் எழுதிய முடிவில் நாயகன் சாகவே இல்லை. மூன்றாவது கால்வாயைத் திறந்து வைத்துப் பதக்கம் வாங்குகிறான்.

இன்னொரு பிரதியை எடுத்துப் பின்பக்கமாகப் புரட்டினார். மனுஷர் திட்டித் தொலைத்தாலாவது நன்றாக இருக்கும் என்று பெர்மெத்துக்குத் தோன்றியது. மூட்டைமேல் அவர் சின்னதாகத் தெரிந்தார். அதைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை, அவர்மேல் இரக்கம் வந்தது.

"அதை எழுதினது நீதானே?" என்றார்.

"நான்தான், ஆதா."

மாமனாரைக் கூப்பிட அவளுக்கு இருந்த ஒரே சொல் அது; அப்பா என்பதுபோல.

"முழுசும் படிச்சியா?"

"படிச்சேன்."

"எல்லாப் பக்கமும்?"

"எல்லாப் பக்கமும். எரநூறுலேர்ந்து எரநூத்தி இருவது வரைக்கும் ரெண்டு தரம். மொதத் தரம் தூங்கிட்டேன்."

துர்சுனாய் தலையில் அடித்துக்கொண்டாள். அவர் மனைவி பக்கம் திரும்பினார்.

"நீ படிச்சியா?"

"எனக்கு எதுக்கு? கூடவேதானே இருந்தேன்."

"அச்சாகி வந்த பொறகு நானும் தொறக்கல," என்றார் அவர். "கையெழுத்துப் போட மொதப் பக்கம் மட்டும் தொறந்தேன். எட்டு மாசம். முந்நூறு புத்தகம். ஒரு பய சொல்லல."

எழுந்தார். முழங்கால் சடசடத்தது. உள்ளே போய் மேசை இழுப்பறையிலிருந்து தட்டச்சுத் தாள்களைக் கொண்டுவந்து அவளிடம் நீட்டினார். அச்சில் வராமல் போன கடைசிப் பகுதி.

"இதைப் படி. இப்பவே. அந்தக் கும்பல்கிட்ட எப்படிச் சொல்வியோ அப்படிச் சொல்லணும். மருமகளா சொல்லாத."

பெரிய அறையில் தாழ்வான மேசையைச் சுற்றி மூவரும் உட்கார்ந்தார்கள். பெர்மெத் எப்போதும் போலக் கதவோரமாக, கெண்டி பக்கத்தில் உட்கார்ந்து படித்தாள். நான்காம் பக்கத்தில் இருக்கும்போது அவர் பழக்கதோஷத்தில் டீக் கிண்ணத்தை நீட்டினார். அவள் கவனிக்கவில்லை. கொஞ்ச நேரம் நீட்டியபடியே வைத்திருந்துவிட்டுத் திரும்ப எடுத்துக்கொண்டார். துர்சுனாய் அதைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

படித்து முடித்ததும் தாள்களைத் தட்டி ஒழுங்கு செய்தாள். கேட்டிருக்கிறார். இந்த வீட்டில் அவளிடம் ஒரு விஷயத்தைக் கேட்டிருக்கிறார்கள். பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"பதக்கம் வேணாம். அந்த எடத்துல யாருமே மனுஷங்க மாதிரி இல்ல. அப்புறம், இதுல ஒரு மருமக வர்றா."

"எந்த மருமக?"

"பேர் இல்ல அவளுக்கு. புத்தகம் முழுக்க முப்பத்தோரு தரம் டீ ஊத்தறா, எண்ணினேன். ஒரு தரமும் வாயத் தொறக்கல."

"கதைக்கு அவ தேவையில்லம்மா."

"தேவையில்லன்னா முப்பத்தோரு டீ எதுக்கு ஆதா?"

அவர் மேசைமேல் இருந்த பேனாவை உருட்டினார். "சரி. பேசட்டும். பேசினா என்னதான் பேசுவா?" என்றார். நக்கலாகக் கேட்கத்தான் நினைத்தார். குரல் அப்படி வரவில்லை.

பெர்மெத் மாமியாரைப் பார்த்தாள். மாமியார் கண்ணைக் காட்டவில்லை, தடுக்கவும் இல்லை.

"எரநூத்திப் பன்னெண்டாம் பக்கத்துல ஊரு மொத்தத்துக்கும் தண்ணி விடறார். தன் வீட்டுக்கு வாய்க்கால் வெட்ட வேணாம், அதிகாரி தன் வீட்டுக்குத் திருப்பிக்கிட்டான்னு பேச்சு வரும்னு சொல்லிடறார். ஊரே கை தட்டுது. நல்ல அத்தியாயம் அது. படிக்கறப்ப எனக்கும் பெருமையாத்தான் இருந்துது. ஆனா தோட்டம் காயல, அடுத்த பக்கத்துலயே தக்காளி பழுத்துருக்கு. எப்படிப் பழுத்துதுன்னு ஒரு வரி இல்ல."

இந்த வீட்டுக் கொல்லைக்கு இன்றைக்கும் வாய்க்கால் கிடையாது. அது பக்கத்து வீட்டு வேலியோடு நின்றுவிடுகிறது.

"பேசினா அவ அதைத்தான் சொல்வா," என்றாள் பெர்மெத். "கால்வா நல்லா இருக்கு ஆதா, வாளி தூக்கி எங்க கைதான் போச்சுன்னு சொல்வா."

அர்ஸ்தான்பெக் முகம் சிவந்தது. கிர்கிஸ் மருமகள் அப்படியெல்லாம் பேச மாட்டாள் என்று சொல்ல வாயெடுத்தவர், எதிரே உட்கார்ந்திருந்தவளைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். தட்டச்சுத் தாள் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். பேனா மூடியைத் திறந்தார்.

"எத்தனை வாளி?" என்றார் தாளைப் பார்த்தபடியே.

பெர்மெத் சொல்வதற்குள் துர்சுனாய் சொன்னாள்.

"கோடையில ஒரு சாயங்காலத்துக்கு நாப்பது. இவ வந்து ஆறு வருஷம். அதுக்கு முன்னாடி இருவத்திரெண்டு வருஷம் நான்."

அவர் அதை எழுதினார். எழுதிவிட்டு மனைவியின் கையை முதல்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். துர்சுனாய் கையை மேலாடைக்குள் இழுத்துக்கொள்ளவில்லை, மேசைமேலேயே வைத்திருந்தாள். பிறகு அவர் பேனாவை மறுபடி தாளில் ஊன்றி, "ம், அப்புறம் அவ என்ன சொன்னா?" என்று இருவரையும் கேட்டார்.